பழைய மண்டபத் திருப்பணி முடிந்தது: அங்கத்தவர்களுக்கு அறிவித்தல்

அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமார் எல்லாருக்கும் வணக்கம். நம் கல்லூரியின் பழைய விடுதி மண்டபத் திருப்பணி போன மாதம் நிறைவடைந்தது. கோயில் வேலைக்குத்தானே திருப்பணி என்பார்கள் என்று ஒருவர் கேட்டார். படிக்க இடம் தந்த கட்டடத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும் என்பதே குழுவின் எண்ணம்.

கூரையில்தான் கூடுதலாகப் பணம் போனது. திருகோணமலைக் கடற்காற்று ஆணிகளைத் தின்றிருந்தது, ஓடுகளை இறக்கிய பிறகுதான் கூரை மர வளைகளில் பாதி உளுத்துப்போனது தெரிந்தது, அது மதிப்பீட்டில் இல்லை. முதலில் வேலை எடுத்தவர் அந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போக, மாரி மழைக்கு முன் தறப்பாள் கட்டி, வேறு ஓடாவிமாரை (தச்சர்களை)த் தேடிப் பிடித்தோம். முற்பணம் கொடுக்கும்போது நாங்கள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும், அதற்கு மன்னியுங்கள். சுவருக்குச் சீமெந்து பூசினால் கெதியாக முடியும் என்றார்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறாமல் பூச்சே பொருக்கு விட்டுக் கழன்று விழும், அதனால் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்துத்தான் பூசினோம், நாள் பிடித்தது.

சரி, பலர் கேட்ட வாங்கு (பெஞ்சு) விஷயத்துக்கு வருகிறேன். ஆடுகிற அந்த நீள வாங்குகளை வீசிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரை வாங்கலாம், செலவும் குறைவு என்று கூட்டத்தில் பெரும்பாலானோர் சொன்னீர்கள். நாங்கள் அதற்கு இணங்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 1920களில் யாழ்ப்பாணப் பகுதிப் பாடசாலைகளில் சில பிள்ளைகளுக்கு வாங்கு இல்லை, சாதியைச் சொல்லி நிலத்தில் இருத்தினார்கள். 1924இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் என்ற இளைஞர் இயக்கத்தில், அதை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகமும் அவரோடு நின்ற இளைஞர்களும், சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், நாட்டுக்குச் சுயராச்சியம் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டார்கள், கதர் உடுத்தார்கள், 1927இல் காந்தியை அழைத்து வந்தார்கள். சம ஆசனம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது எதிர்த்தவர்கள் சில பாடசாலைகளுக்குத் தீயே வைத்தார்கள். அந்தக் காலத்துப் பையன்களுக்கு ஊர்க்கடமை என்றால் கூட்டம் போட்டுப் பேசுவது மட்டுமில்லை, பக்கத்தில் நகர்ந்து இடம் விடுவதும்தான்.

அது வடக்கின் கதை, நமக்கு என்ன என்று ஒரு தம்பி கேட்டார். இதே ஊரில் 1925இல் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபோது வந்து நின்றவர் விபுலானந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், பிறகு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், அங்கேயும் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் நடந்த ஊரில் ஒரு வாங்கை விறகாக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

11 வாங்குகளில் 9ஐத் திருத்தியாயிற்று. மற்ற 2இன் பலகையைத்தான் அவற்றுக்குக் கால் வைக்க எடுத்தோம். மெருகு போடவில்லை, பேனாக்கத்தியால் கிறுக்கின எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

நன்கொடையாளர் பெயர்ப்பலகை சுவரில் வைக்கவில்லை, இதில் சிலருக்கு வருத்தம் என்பது தெரியும். 100 ரூபாய் தந்தவரும் லட்சம் தந்தவரும் ஒரே பதிவேட்டில், தந்த நாள் வரிசையில் இருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கும் பற்றுச்சீட்டுகளும் அதோடு அலுவலக மேசையில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். மிஞ்சிய பணத்தில் இரண்டு மின்விசிறி போட்டோம். மலசலகூட வேலை பாக்கி, அதற்குத் தனியாகக் கேட்போம்.

அப்புறம், மண்டபத்தைப் பூட்டி வைக்கப் போவதில்லை. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. தமிழுக்கு ஆள் இருக்கிறார்கள், கணிதத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வரக்கூடியவர்கள் இந்தக் கிழமைக்குள் செயலாளரிடம் பெயர் தாருங்கள்.