வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன்
செவ்வாய் இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரத்த ரிசல்ட்டையும் நிதானமாகப் படித்தேன். போனில் நான் சொன்னது அழுகைக்கு நடுவே பாதிதான் உன் காதில் ஏறியிருக்கும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். அவசரம் என்று வந்தால் ஓட வேண்டியவர் அவர்தான்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘இருப்பிடம் தெரியாத கர்ப்பம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைக் குழாய்க் கர்ப்பம், அதாவது கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டது, என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். டெஸ்ட் பாசிட்டிவ், ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள்ளும் ஒன்றும் தெரியவில்லை, வெளியிலும் தெரியவில்லை. அந்த வரிக்கு இவ்வளவுதான் பொருள். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு கர்ப்பப்பையிலேயே வளர்வது தெரியவரும், இல்லையென்றால் கரு தானாகக் கலைந்துபோகும். குழாயில் தங்கியது என்று தெரிகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சிலருக்கு உயிராபத்து உண்டு. உன்னை விடாமல் திரும்பத் திரும்ப வரச் சொல்வது அதற்காகத்தான். ‘இன்னும் தெரியவில்லை’ என்று டாக்டர் சொன்னதை அலட்சியம் என்று நினைக்கிறாய். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. இன்றைக்கு ஒருவர் உறுதியாக ஏதாவது சொல்லியிருந்தால் அவரைத்தான் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உன் ஹெச்.சி.ஜி., அதாவது ரத்தத்தில் இருக்கும் கர்ப்ப ஹார்மோனின் அளவு, 640. உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில்கூட, 1,500 முதல் 3,500 வரை போன பிறகுதான் கர்ப்பப்பைக்குள் கரு வளரும் சிறு பை தெரியும் என்று எதிர்பார்க்கலாம். 640இல் ஒன்றும் தெரியாதது இயல்பு. நாள் கணக்கும் இருக்கிறது. கடைசி மாதவிலக்கை வைத்து ஐந்து வாரம் என்று எழுதியிருக்கிறார்கள். உனக்குச் சுழற்சி 35 நாள். முட்டை ஒரு வாரம் தள்ளித்தான் வந்திருக்கும். அப்படியானால் இது நாலு வாரம்தான். பை தெரிவது நாலரையிலிருந்து ஐந்து வாரத்தில். அதற்குள் யோக் சாக் என்கிற சிறு வளையம் ஐந்தரை வாரத்தில் தெரியும். துடிப்பு ஆறு வாரத்தை ஒட்டி. யோக் சாக்கைப் பார்த்த பிறகுதான் கர்ப்பம் உள்ளே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். வெறும் நீர்ப்பை மாதிரி ஒன்று குழாய்க் கர்ப்பத்திலும் கர்ப்பப்பைக்குள் தெரியலாம். டாக்டரிடம் இந்த 35 நாள் கணக்கைச் சொன்னாயா? சொல்லாவிட்டால் வியாழன் அன்று மறக்காமல் சொல்.

ஒற்றை எண்ணை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அது 48 மணி நேரத்தில் எப்படி மாறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். இன்று காலை பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தாய் என்றால் வியாழனும் பத்து மணிக்கே, அதே லேபில் கொடு. லேபுக்கு லேப் கருவியும் முறையும் மாறும், ஒரே ரத்தத்துக்கே இரண்டு எண் வரலாம். இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம் வருகிறது: முதல் தடவை ஆஸ்பத்திரியில், இரண்டாம் தடவை வீட்டுக்குப் பக்கத்தில், பிறகு ‘ஏறவே இல்லையே’ என்று கலங்குவது. இதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. புரட்டாசி விரதம் என்று பட்டினி கிடக்காதே. மரக்கறியே சாப்பிடு, வயிறார சாப்பிடு.

640 என்ற உன் எண்ணிலிருந்தே கணக்குப் போட்டுப் பார். வியாழன் அன்று ஏறத்தாழ 1,040க்கு மேல் வந்தால், அதாவது 63 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால், உள்ளே வளர்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் குழாய்க் கர்ப்பங்களிலும் சில நன்றாக ஏறும். அதனால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். 1,500ஐத் தாண்டினால் இன்னும் சீக்கிரம். 320க்குக் கீழே இறங்கினால் கர்ப்பம் கலைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் டெஸ்ட் நெகட்டிவ் ஆகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் கவலை. அப்போது அடுத்த நாளே பெரிய டாக்டர் பார்க்க வேண்டும், ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்றால் ஒப்புக்கொள்ளாதே.

இனி வருவதை இரண்டு முறை படி. ஹெச்.சி.ஜி. குறைவாக இருந்தாலும், இறங்கிக்கொண்டே இருந்தாலும், குழாய் வெடிக்கலாம். எண் நன்றாக வந்ததே என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்காதே. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வந்து விடாமல் நிற்கும் வலி. எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, குளிர் வியர்வை. தோளின் நுனியில், தசையை அமுக்கினாலும் இடம் பிடிபடாத, படுத்தால் கூடுகிற வலி. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, அதற்கும் தோளுக்கும் பொதுவான நரம்பு வழியாக வலி தோளில் தெரியும். மலம் வருகிற மாதிரி கீழே அழுத்தம், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். கர்ப்பப்பைக்குப் பின்னால் ரத்தம் தேங்குவதால் அப்படி. இதை ‘கேஸ்ட்ரோ’, வெறும் வயிற்றுத் தொற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கும். இதில் ஒன்று வந்தாலும் கிளம்பிவிடு. வெளியே போகும் ரத்தத்தை வைத்து எடை போடாதே. துளித் துளியாகப் போகும்போதே உள்ளே லிட்டர் கணக்கில் சேர்ந்திருக்கலாம். சதை மாதிரி ஒரு துண்டு வெளியே வந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. குழாய்க் கர்ப்பத்திலும் கர்ப்பப்பையின் உள்தோல் அப்படியே கழன்று வருவதுண்டு. அதை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துப் போ, அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

காரை நீ ஓட்டாதே. மாப்பிள்ளை வேலையில் இருந்தால் கைபேசியிலிருந்து 112, இல்லாவிட்டால் 10177. லெனேசியா வீட்டிலிருந்து பாரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வாசலில் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: “நான் கர்ப்பம், வயிறு வலிக்கிறது, ஸ்கேனில் கர்ப்பம் எங்கே என்று தெரியவில்லை.” யாரை முதலில் பார்ப்பது என்று வாசலில் நிறம் கொடுத்துப் பிரிக்கும் நம் நாட்டு ட்ரையாஜ் முறையில் கர்ப்பத்தோடு வயிற்றுவலி என்றால் ஆரஞ்சு நிறம், பத்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ‘ரத்தம் போகிறது’ என்று மட்டும் சொன்னால் மஞ்சள், ஒரு மணி நேரம் வரை உட்கார்த்தி வைக்கலாம். அதனால் வலியை விட்டுவிடாதே. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவே சொல்கிறது. மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், அவசர நிலை பி.எம்.பி. என்கிற கட்டாயச் சலுகைகளுக்குள் வரும். அனுமதி எண் வரட்டும் என்று வராந்தாவில் காத்திருக்காதே. வலி கடுமையாக இருந்தால் வழியில் தண்ணீர்கூடக் குடிக்காதே, நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போக வேண்டி வரலாம்.

ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வை: கடைசி மாதவிலக்கு தேதி, சுழற்சி 35 நாள், ஹெச்.சி.ஜி. ஒவ்வொன்றும் எடுத்த தேதி, மணி, லேப் பெயரோடு, ரத்த வகை, மருந்து ஒவ்வாமை. உன் ரத்த வகை நெகட்டிவ் என்றால், ‘ஆன்டி-டி ஊசி தேவையா’ என்ற கேள்வியையும் கீழே எழுதிக்கொள்; நெகட்டிவ் வகைத் தாயின் உடல் பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்கப் போடுவது அது.

லேசான வலிக்குப் பனாடோ (பாராசிட்டமால்) மட்டும் போதும். கிராண்ட்-பா பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது, மைப்ரோடாலில் ஐபுப்ரோஃபென், கோடீன் இரண்டும் இருக்கிறது. மாமியார் அன்பாகக் கொடுத்தாலும் வாங்கி வைத்துவிடு, சாப்பிடாதே.

எண் நடுவில் நின்றால் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி பற்றிப் பேச்சு வரும். வேகமாகப் பிரியும் செல்களை நிறுத்தும் மருந்து அது. உள்ளே நல்ல கர்ப்பம் இருக்கும்போது இந்த ஊசியைப் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கேடு. ஆகவே “உள்ளே இல்லை என்று எதை வைத்து உறுதி செய்தீர்கள்?” என்று கேட்காமல் கையை நீட்டாதே. உனக்கு வலி இல்லாமல், ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும்வரை இன்னொரு 48 மணி நேரம் பொறுத்து மறுபடி ரத்தம் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஊசிதான் என்று முடிவானால் அதற்கு முன் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அப்போதுதான் நிறுத்த வேண்டும், இப்போது விடாமல் சாப்பிடு. நாலாம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் எடுப்பார்கள். நாலாம் நாள் எண் கூடியிருந்தால் பயப்படாதே, அது சகஜம். நாலுக்கும் ஏழுக்கும் நடுவே 15 சதவீதமாவது இறங்க வேண்டும். பிறகு பூஜ்யத்துக்கு வரும்வரை வாரம் ஒரு முறை. மறுபடி கர்ப்பம் தரிக்க மூன்று மாதம் இடைவெளி. குழாய் வெடித்தாலோ வலி அதிகமானாலோ ஆபரேஷன்தான். பெரும்பாலும் சிறு துளை போட்டு முடிப்பார்கள். ஒரு குழாயை எடுத்தாலும் இன்னொன்று நல்லதாக இருந்தால் பிள்ளை உண்டாக வழி இருக்கிறது.

பப்பாளி சாப்பிட்டேனே, மாடி ஏறினேனே என்று கேட்டாய். இவற்றால் கரு குழாயில் தங்காது. பழைய தொற்று, குழாயில் முன்பு நடந்த ஆபரேஷன், புகை பிடிப்பது இவை காரணமாகலாம். பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் தெரியாது. உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே. யாராவது போட வந்தால் போனை என்னிடம் கொடு.

வேலைக்கு இரண்டு நாள் வரை சர்டிபிகேட் இல்லாமல் சிக் லீவ் எடுக்கலாம், அதற்கு மேல் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். மேனேஜரிடம் காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. ராத்திரி தனியாக இருக்காதே. குளிக்கும்போது கதவைத் தாழிடாதே. மின்சாரம் போனாலும் போன் சார்ஜ் இருக்கும்படி பார்த்துக்கொள்.

வியாழன் ரிசல்ட் வந்ததும் எண்ணை மட்டும் முதலில் அனுப்பு, பிறகு கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் பேசுவோம். எண் எதுவாக இருந்தாலும் வெள்ளி ராத்திரி பஸ்ஸில் நான் கிளம்பி வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

அம்மா