சலைன் பாட்டிலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவமனைகள் ஊருக்கு ஊர் பெருகிவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இம்ப்ளான்ட், லேசர் என்று எல்லாவற்றையும் சொன்ன கட்டுரையாளர் வாணியம்பாடியை மட்டும் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனை அறுவை அரங்குகளில் செவிலியராக இருந்தவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

அங்கே ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றுவந்த பத்துப் பேருக்கு, 2022-23-இல், மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் தொற்று வந்தது. எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துருவிய ஆய்வு 2025-இல் வெளியானது. மண்ணிலும் நீரிலும் வாழும் அந்தக் கிருமி, பயன்பாட்டில் இருந்த சலைன் (உப்புக் கரைசல்) பாட்டிலில் இருந்தது. பாட்டிலை அறுவைக் கருவி ஒன்றால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். மிஞ்சிப்போனால் சில பத்து ரூபாய் பெறும் பாட்டில்!

இதைப் படித்தவர்கள் எல்லோரும் மருத்துவரின் கைத்திறனைத்தான் சந்தேகித்தார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அந்தப் பாட்டிலை நாள்தோறும் எடுத்துக் கொடுத்த கை ஒன்று இருந்திருக்குமே, அது யாருடையது? பெரும்பாலான இடங்களில் அது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பார்த்துப் பார்த்தே வேலை பழகிய ஒரு பெண்ணின் கையாகத்தான் இருக்கும். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவருக்கும், பல்லைச் சுத்தம் செய்யும் பல் சுகாதாரருக்கும், செயற்கைப் பல் செய்யும் பல் மெக்கானிக்குக்கும் பதிவேடு வைத்தது. நாற்காலி அருகே நிற்கும் இந்தப் பெண் அதில் எங்குமே இல்லை. "சார், இது நேற்றுத் திறந்த பாட்டில்" என்று அவள் சொன்னால் மருத்துவர் நன்றி சொல்வாரா, முறைப்பாரா? ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தை அளக்க எனக்கு இந்த ஒரு கேள்வி போதும். எங்கள் அரங்கில் கருவிக் கட்டின் மேல் ஒட்டிய, கிருமி நீக்கும் சூடு பட்டால் கறுக்கும் பட்டை கறுக்கவில்லை என்றால் கடைநிலைப் பணியாளர்கூட அதைத் திருப்பி அனுப்பலாம். பேராசிரியரே கத்தியோடு காத்திருந்தாலும் சரி. அந்த உரிமையைக் கொடுத்தவர் எங்கள் பழைய தலைமைச் செவிலியர். அவரிடம் நாங்கள் பட்ட திட்டு தனிக்கதை.

இப்போது இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் இருப்பவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து வேர்ச் சிகிச்சை செய்பவர் வேறொருவர், முதல் போட்டவர் மூன்றாமவர். கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரம் 121 டிகிரியை எட்டியதா, அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் வாராந்தரச் சோதனை நடந்ததா என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். இங்கிலாந்தில் 2011 முதல் பல் மருத்துவமனைகளும் தரக் கண்காணிப்பு ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கும் ஐந்து கேள்விகளில் ஒன்று, 'இது நன்றாக வழிநடத்தப்படுகிறதா?' என்பது. அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படித்துக்கொள்ளலாம். நமக்கும் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. ஆய்வுக்கு யார் வந்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்பது மட்டும் நோயாளிக்குத் தெரிவதில்லை. சுகாதாரத் துறை அதை வெளியிடட்டும். அந்தச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே, கிருமி நீக்கத்துக்குப் பொறுப்பானவர் இன்னார் என்று ஒரு பெயரும் எழுதி மாட்டப்படட்டும்.

சென்ற மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க எங்கள் தெருமுனை மருத்துவமனைக்குப் போனேன். புதுப் பாட்டிலை என் கண்முன் திறக்கும்படி கேட்டேன். மருத்துவர், "அம்மா, உங்களை யார் அனுப்பினார்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண் மட்டும் மறுபேச்சில்லாமல் அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ராணிப்பேட்டை.