செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற கோச்

ஆன் ஆர்பர்
பிப்ரவரி 2024

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள்வரை விடச் சொல். பார்வை தெளிந்ததும் பாதியிலேயே நிறுத்திவிடக்கூடியவர்கள் அவர்கள், எனக்குத் தெரியும். இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. குளிரில் என் முழங்கால் முனகுகிறது. வீட்டுக்காரி அதைவிடச் சத்தமாக "எழுந்து நடங்கள்" என்கிறாள்.

உன் பையன் நன்றாகத்தான் இருக்கிறான், பயப்படாதே. போன ஞாயிறு வந்து வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு எங்கள் சோபாவிலேயே தூங்கிப்போனான். ஜனவரி 8 ராத்திரி ஜெயித்துவிட்டோம் என்று போனில் கத்தியவன், இரண்டு வாரம் கழித்து "கோச் போய்ட்டார்ப்பா" என்று குரல் கம்மச் சொன்னான், லோன் போட்டுப் படிக்க அனுப்பியது இதற்கா என்று எழுதியிருந்தாய். மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீமின் கோச் ஜிம் ஹார்பா போனதில் அவன் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் இருந்தது. விவரமாகவே சொல்கிறேன். எனக்கும் இதைப் பேச ஒரு ஆள் வேண்டும்; இங்கே எல்லோரும் பேசிப் பேசிக் களைத்துவிட்டார்கள்.

நம் காலத்து இன்டர்-காலேஜ் மேட்ச்சை மனசில் வைத்துக்கொண்டு இதை நினைக்காதே. மிச்சிகன் ஸ்டேடியத்தில் உட்காரும் இடம் 1,07,601. இந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குவது கவர்னர் கிடையாது, ஏதாவது ஒரு கல்லூரியின் கோச். ஆடுகிற பையன்கள் நாலைந்து வருஷத்தில் போய்விடுவார்கள், அதனால் டீமுக்கு நிலையான முகம் என்றால் அது கோச் முகம்தான். பள்ளிக்கூடப் பையன் ஒருவனைச் சேர்க்க அவன் வீட்டுக்கே போய், அம்மா அப்பாவிடம் "உங்கள் பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்று சொல்கிறவரும் அவர்தான்.

ஜிம் ஹார்பாவோ வெளியாள்கூட இல்லை. எண்பதுகளில் இதே டீமின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். இந்த ஊர் இன்னமும் பயபக்தியோடு பேர் சொல்கிற போ ஷெம்பெக்லரிடம் ஆடியவர். 2014 கடைசியில், என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீகின் சான் பிரான்சிஸ்கோ டீமை விட்டு இங்கே வந்தபோது ஊர் கொண்டாடிய கொண்டாட்டத்தை நான் பார்த்தேன். அப்புறம் என்ன, பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டிடம் வரிசையாக ஐந்து தடவை தோற்றார். 2020 கொரோனா சீசனில் ஆறு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. சம்பளத்தை ஏறக்குறைய பாதியாக்கித்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் "எந்த என்.எஃப்.எல். டீமாவது இவரைக் கூட்டிக்கொண்டு போகாதா" என்று வேண்டிக்கொண்டவர்கள் என் ஆபீசிலேயே உண்டு. இப்போது அதை நினைவுபடுத்தினால் காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

2021 நவம்பரில் நிலைமை தலைகீழானது. ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று அடித்தார்கள். 2011-க்குப் பிறகு முதல் வெற்றி. ஸ்டேடியத்தின் புல்தரை தெரியாத அளவுக்கு ஜனம் உள்ளே இறங்கியது. சரி, இனி மனுஷன் இங்கேயே இருப்பார் என்று ஊர் நம்பியது. அடுத்த பிப்ரவரி 2-ஆம் தேதி பார்த்தால் ஆள் மினசோட்டாவில், வைக்கிங்ஸ் டீமின் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறார். அன்று என்ன நாள் தெரியுமா? பள்ளிக்கூடப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்று கையெழுத்துப் போடுகிற நாள்! அவனவன் பிள்ளையை நம்பி ஒப்படைக்கிற அன்றைக்கு வாத்தியார் வேறு வேலைக்கு இன்டர்வியூ போயிருக்கிறார். அன்று ஊருக்கு வந்த கோபம் நிஜமான கோபம். கோச் போகிற விமானத்தின் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பது இந்த ஊர்களில் ஒரு முழுநேர வேலை. வைக்கிங்ஸ் வேலை அமையவில்லை. திரும்பி வந்தார், இனிமேல் இந்தப் பேச்சே வராது என்று மேலதிகாரியிடம் சொன்னதாகச் செய்தி வந்தது.

அடுத்த ஜனவரியிலேயே வந்தது. இந்த முறை டென்வரின் என்.எஃப்.எல். டீம். கடைசியில் பல்கலைக்கழகத் தலைவரே, கோச் எங்களோடுதான் இருக்கிறார் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் கோபம்கூட இல்லை, அலுப்புதான். "போகிறதானால் போகட்டும், இருக்கிறதானால் இருக்கட்டும், சொல்லித் தொலைக்கட்டும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பனியை வழித்துக்கொண்டே சொன்னார். எழுபது தாண்டியவர், இந்தக் கல்லூரியில் படித்தவர், டீம் தோற்றாலும் வாசலில் கொடியை இறக்காதவர்.

இந்த வருஷக் கதை உன் பையன் சொல்லியிருப்பான். பதினைந்து ஆட்டம், பதினைந்தும் வெற்றி. அதில் ஆறு ஆட்டங்களுக்கு ஹார்பா சஸ்பெண்ட் ஆனார். மூன்று, விதிமீறிப் பையன்களைச் சேர்த்த புகாருக்காகக் கல்லூரியே விதித்தது. மூன்று, எதிரணியின் சைகைகளை ஆள் அனுப்பித் திருடினார்கள் என்ற புகாருக்காகக் கல்லூரிகளின் லீக் விதித்தது. அலபாமாவை ஓவர்டைமில் 27-20, பிறகு வாஷிங்டனை ஹூஸ்டனில் 34-13. 1997-க்குப் பிறகு முதல் தேசியக் கோப்பை, அதையும் அப்போது நெப்ராஸ்காவோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். சரியாகப் பதினாறாம் நாள், ஜனவரி 24, என்.எஃப்.எல்.லின் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் டீமுக்குப் போகிறார் என்று அறிவிப்பு. பத்து வருஷத்துக்கு 12.5 கோடி டாலர் தருகிறோம் என்று கல்லூரி சொல்லிப் பார்த்ததாகச் செய்தி. நிற்கவில்லை.

நான் எதிர்பார்த்தது பெரிய கூச்சல். நடந்தது வேறு. துக்கம் இருந்தது, கூடவே நன்றியும் இருந்தது. "கோப்பையைக் கொடுத்துவிட்டார், எங்கே வேண்டுமானாலும் போகட்டும்" என்றார் அதே பெரியவர். 2022-ல் பட்ட அதே சந்தேகம், அதே என்.எஃப்.எல்., அதே மனுஷன். இடையில் மாறியது ஸ்கோர்போர்டு மட்டும்தான். ரசிகனின் மன்னிப்பும் அங்கேதான் எழுதப்படுகிறது போலிருக்கிறது. கோப்பை இல்லாமல் போயிருந்தால் இந்த ஊர் அவர் பேரைச் சொல்லவே வாய் கூசியிருக்கும்.

என்னைக் கேட்டால், இத்தனை வருஷக் கோபமும் அவர் போவதைப் பற்றியதே இல்லை. வருஷா வருஷம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாரே, அதைப் பற்றியது. போகிறவரை வழியனுப்பலாம். நிற்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உட்காரச் சொல்லிக் கெஞ்சினால் மானக்கேடு, போ என்று சொல்லவும் மனசு வராது.

அவர் ஏன் போனார் என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது. 2013-ல் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போய், சொந்த அண்ணன் ஜான் ஹார்பாவின் பால்டிமோர் டீமிடம் 34-31 என்று தோற்றவர். அந்த மூன்று பாயின்ட் ஒரு மனுஷனைத் தூங்கவிடுமா? ஆனால் விசாரணைக்குப் பயந்து தப்பித்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய பயத்துக்கு முன்கதை இருக்கிறது. 2010 ஜனவரியில் பீட் கேரல், தெற்குக் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.யை விட்டு சியாட்டிலின் தொழில்முறை டீமுக்குப் போனார். ஜூனில், அவர் இருந்தபோது நடந்த விதிமீறல்களுக்காக யு.எஸ்.சி.க்குத் தண்டனை வந்தது: இரண்டு வருஷம் சீசன் முடிவில் பவுல் ஆட்டம் ஆடக்கூடாது, முப்பது ஸ்காலர்ஷிப் வெட்டு. 2014-ல் கேரல் சூப்பர் பவுலே ஜெயித்துவிட்டார். தப்பு நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்கள்தான் கல்லூரிக்கு வந்து தண்டனையை அனுபவித்தார்கள்.

இருந்தாலும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவரை மன்னிப்பது சுலபம். அங்கே அவர் ஜெயித்தால் நமக்கு நஷ்டமில்லை. நிக் சேபனைப் பார். லூயிசியானாவின் எல்.எஸ்.யு.வுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு 2004 கடைசியில் மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். அங்கே வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான். இரண்டே சீசனில் அவர் திரும்பி வந்தது அலபாமாவுக்கு. எல்.எஸ்.யு. வருஷா வருஷம் மோதுகிற எதிரி! அந்தக் கசப்பு இன்றும் தீரவில்லை. வேடிக்கை, அந்த சேபன் இந்த ஜனவரி 10-ல் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு அலபாமா கூட்டிக்கொண்டு போனது எங்களிடம் தோற்ற வாஷிங்டனின் கோச்சை. இறுதி ஆட்டம் முடிந்து நாலே நாளில்! கோப்பையும் இல்லை, கோச்சும் இல்லை. அவர்களைப் பார்த்தால் உன் பையனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், முறைத்தான்.

ஒஹாயோக்காரர்கள் சந்தோஷத்தைக் கேட்காதே. ஓடிவிட்டான் என்றுதான் அங்கே பேச்சு. மூன்று வருஷம் தொடர்ந்து வாங்கிய அடிக்கு மருந்து தடவிக்கொள்கிறார்கள், தடவட்டும்.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கோச் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு எந்த நாளும் போகலாம். முறித்ததற்கான நஷ்டஈட்டைப் புது முதலாளி கட்டிவிடுவார். ஆடுகிற பையன் வேறு கல்லூரிக்கு மாறினால், 2021 வரை ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். இப்போதுதான் அந்த விதி தளர்ந்திருக்கிறது, கோச் போனால் பையன்களுக்கும் முப்பது நாள் கதவு திறக்கிறது. அதைப் பார்த்து "இந்தக் காலத்துப் பையன்களுக்கு விசுவாசமே இல்லை" என்று புலம்புகிறவர்கள்தான் ஹார்பாவுக்கு நன்றி சொல்கிறார்கள். இதை ஒரு பார்ட்டியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என் பக்கம் சமோசா தட்டு வரவே இல்லை.

துக்கம் சீக்கிரம் ஆறியதற்கு இன்னொரு காரணம், பக்கத்து டெட்ராய்ட்டின் என்.எஃப்.எல். டீமான லயன்ஸ். 1991 சீசனுக்குப் பிறகு ப்ளே-ஆஃப் ஆட்டமே ஜெயிக்காத டீம் இந்த ஜனவரியில் இரண்டு ஜெயித்தது. ஹார்பா போன அதே வாரம் சான் பிரான்சிஸ்கோவில் பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. கடைசியில் 34-31 தோல்வி. ஒரே வாரத்தில் இரண்டு அடி என்றால் முதல் அடி மறந்துபோகும்.

புதுக் கோச் ஷெரோன் மூர், முப்பத்தெட்டு வயசு. சஸ்பென்ஷன் காலத்தில் பென் ஸ்டேட்டை ஜெயித்ததும் டிவியிலேயே தேம்பித் தேம்பி அழுது, ஹார்பாவைப் பார்த்து "லவ் யூ, மேன்" என்றவர். உன் பையனுக்கு அவரைப் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் ஹார்பா தடுப்பாட்டக் கோச், உடற்பயிற்சிக் கோச் என்று முக்கியமானவர்களையெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டுவிட்டார், குவார்ட்டர்பேக்கும் என்.எஃப்.எல்.லுக்குக் கிளம்பிவிட்டான். இந்த சீசன் கஷ்டம்தான் என்று நினைக்கிறேன். பையனிடம் சொல்லாதே.

செப்டம்பர் 7 டெக்சாஸ் டீம் இங்கே ஆட வருகிறது. விசா இருக்கிறதல்லவா, அம்மாவுக்குக் கண் சரியாகியிருந்தால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. டிக்கெட் என் பொறுப்பு, விலை மட்டும் கேட்காதே. வரும்போது மோர் மிளகாய் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவா. உன் பையன் இங்கே இருந்ததைக் காலி செய்துவிட்டான்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்