டிரஸ்டி நீ இல்லை, காயத்ரி

அன்புள்ள காயத்ரிக்கு,

தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத உன் தம்பி கதிருக்காக இங்கே சிங்கப்பூரில் டிரஸ்ட் வைக்கப்போகிறோம் என்றதும், "நான்தானே டிரஸ்டி?" என்று கேட்டாய். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். நீ இல்லை. போனில் விளக்கப்போனால் சண்டையில் முடியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

பணத்தைப் போட்டு, அது யாருக்காக, எப்படிச் செலவாக வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர்கள் நாங்கள். பலன் அடைகிறவன் கதிர். பணத்தை வைத்திருந்து அவனுக்காகச் செலவழிக்கிறவர் டிரஸ்டி. டிரஸ்டி பெயரில் பணம் இருக்கும், ஆனால் அது அவருடையது ஆகாது. அவரே திவாலானாலும் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது.

இன்னொருவரும் உண்டு, அங்கேதான் சிக்கல். கதிர் காலத்துக்குப் பிறகு மிச்சப் பணம் உனக்கு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க நீயே டிரஸ்டியானால், அவனுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் உன் பங்கில் குறையும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? அவன் பழைய செருப்போடு ஒரு கல்யாணத்துக்குப் போனால் போதும், அக்கா காசை அமுக்கிவிட்டாள் என்பார்கள். உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்து டிரஸ்ட் பணத்தைத் தொடாமல் உன் சம்பளத்திலிருந்து செலவழிப்பாய். பெர்த்தில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு இது வேறா?

அதனால் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனியிடம் கொடுக்கிறோம். 2009-இல் தொடங்கியது, லாப நோக்கமில்லாதது, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் ஆதரவு இருக்கிறது. 5,000 வெள்ளி போட்டுத் தொடங்கலாம். பணத்தைப் பொது அறங்காவலர் அலுவலகம் முதலீடு செய்கிறது, முதலுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. தனியார் டிரஸ்ட் நிறுவனங்களும் இருக்கின்றன, நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றவை. நம் கையிருப்புக்கு அவர்கள் கட்டணமே பாதியைத் தின்றுவிடும்.

நாங்கள் இருவரும் போன பிறகோ, நாங்களே முடிவெடுக்கும் மனத்திறன் எங்களுக்குப் போய்விட்டாலோதான் அங்கிருந்து பணம் வரத்தொடங்கும். அப்போது அவனைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவருக்கு, பராமரிப்புத் திட்டத்தில் எழுதியபடி மாதாமாதம் போகும். கூடவே ஒரு விருப்பக் கடிதமும் கொடுக்க வேண்டும். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் டிரஸ்டி அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். அதைத்தான் அம்மா ராத்திரியெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். இடி இடித்தால் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான், வெளியே இழுக்காதீர்கள். சட்டையில் லேபிள் இருந்தால் போடமாட்டான், வெட்டிவிட வேண்டும். பல் டாக்டரிடம் போவதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா வடை கட்டாயம். வடைக்குக் கூடவா ஒரு வரி என்று கேட்டேன், முறைத்தாள்.

மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது, அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். அதைச் செய்தாயிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் டிரஸ்ட்டில் வைக்க முடியாது, அதனால் விற்றுப் பணமாகச் சேர்க்கும்படி உயிலில் எழுதுகிறோம்.

சரி, உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். டிரஸ்டி பணத்தை மட்டும்தான் பார்ப்பார். கதிர் எங்கே இருப்பான், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவர் வேலையில்லை. அவனுக்கு 21 வயது தாண்டிவிட்டதால் பெற்றவர்கள் என்ற உரிமையில் நாங்களும் கையெழுத்துப் போட முடியாது. மனநலத் திறன் சட்டப்படி நீதிமன்றம் டெபுட்டியை, அதாவது அவனுக்காக முடிவெடுக்கிறவரை, நியமிக்க வேண்டும். நாங்கள் மனு போடப்போகிறோம். எங்களுக்குப் பிறகு பொறுப்பேற்க உன் பெயரையும் சேர்க்கலாமா? அன்றாடம் பார்த்துக்கொள்ள ஈசூனில் இருக்கும் சித்தி சம்மதித்துவிட்டாள், ஆனால் அவளுக்கும் வயதாகிறது.

மாப்பிள்ளையிடம் பேசாமல் சரி என்று சொல்லிவிடாதே. முடியாது என்றாலும் சொல், வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது. சம்மதம் என்றால் பாஸ்போர்ட் நகலையும் இப்போதைய முகவரியையும் அனுப்பு, வக்கீல் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா