உன் ஊருக்கு இப்போது தலைவர் யார்?

திருநெல்வேலி
16.11.2025

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். தாடி வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி நம் கையெழுத்தைத் தைரியமாகத் திட்டுவார். செல்வம் வழக்கம்போல. பரோட்டா கமிட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

இப்போது நீ அனுப்பிய பட்டியல். அண்டை நாடுகளை ஜனநாயக வரிசையில் அடுக்கி, இந்தியாவை உச்சியில் வைத்து, பக்கத்தில் சிவப்பு மையில் 'பார்த்தியா?' என்று வேறு. பார்த்தேன்டா. லண்டன் எக்கனாமிஸ்ட் பத்திரிகைக்காரர்கள் நம்மைக் 'குறைபாடுள்ள ஜனநாயகம்' என்கிறார்கள். சுவீடனிலிருந்து வரும் வீ-டெம் பட்டியல் 2021 முதல் நம்மைத் 'தேர்தல்வழி எதேச்சதிகாரம்' என்கிறது. ஒரே விடைத்தாள், ஒருத்தர் பாஸ் போடுகிறார், இன்னொருத்தர் ஃபெயில் போடுகிறார். எனக்கு இந்த மார்க்குகளில் அத்தனை ஈடுபாடு இல்லை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: தேர்தல் தேதி நெருங்கும்போது அதைத் தள்ளிப்போட யாரால் முடியும், என்ன சாக்கு சொல்லி?

இலங்கையிலிருந்து தொடங்குகிறேன், நீ அதிகம் கிண்டல் செய்திருப்பது அவர்களைத்தான். ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சவை விரட்டி, சனங்கள் அவர் மாளிகை நீச்சல் குளம்வரை போன கதையெல்லாம் இருக்கட்டும். 2022 ஜூலையில் அவர் ஓடிப்போன ஏழு நாளில் பாராளுமன்றம் கூடி, வாக்குச்சீட்டில் வாக்களித்து, 134 வாக்குகளில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது. 2024 செப்டம்பரில் யாருக்கும் பாதி வாக்கு கிடைக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் சும்மா கிடந்த இரண்டாம் விருப்பு வாக்கை (நம் ஆள் தோற்றால் அடுத்து யார் என்று சீட்டில் குறிப்பது) முதல் தடவையாக எண்ணி முடித்தார்கள். ஒரு கல் விழவில்லை. மேல்மட்டத்தில் அந்த இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது.

கீழே வா. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் 1987இல் வந்தவை மாகாண சபைகள். மொத்தம் ஒன்பது. 2017 செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. வடக்கு 2018 அக்டோபரில், கடைசியாக ஊவா 2019இல். அதற்கப்புறம் இன்றுவரை ஒன்றுக்கும் தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். ராணுவம் வந்ததா? அவசரநிலை போட்டார்களா? ஒன்றும் இல்லை. ஒரு சட்டத் திருத்தம், அவ்வளவுதான். அதை எப்படிச் செய்தார்கள் என்பது கேட்கத் தகுந்த கதை.

2017இல் எல்லா மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்று ஓர் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அப்படிச் செய்தால் சில சபைகளின் ஆயுள் நீளும், அதற்கு மக்கள் தீர்ப்பு, அதாவது நாடு முழுக்க ஒரு வாக்கெடுப்பு, வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மாதமே பாராளுமன்றத்தில் வேறொரு மசோதா இருந்தது, பெண் வேட்பாளர்களுக்கு ஒதுக்கீடு பற்றியது. அதை வரிவரியாகத் திருத்தும் குழுநிலை விவாதத்தில், தேர்தல் முறையையே விகிதாசாரத்திலிருந்து (கட்சி வாங்கும் வாக்குக்கு ஏற்ற இடம்) கலப்பு முறைக்கு (அதோடு தொகுதிவாரியாகவும் ஆளைத் தேர்வது) மாற்றும் திருத்தங்களை உள்ளே திணித்து நிறைவேற்றிவிட்டார்கள். கலப்பு முறை என்றால் தொகுதி வேண்டும். தொகுதிக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை தயாராகி, 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்து 139, ஆதரித்து பூஜ்யம். தாக்கல் செய்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பிறகு பிரதமர் தலைமையில் மறுபரிசீலனைக் குழு, இரண்டு மாதக் கெடு. அந்த அறிக்கை வரவே இல்லை. பழைய முறை ரத்தாகிவிட்டது, புது முறைக்கு எல்லைக் கோடு இல்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019இல் கேட்டபோது முடியாது என்று நீதிமன்றமே சொல்லவேண்டியதாயிற்று. பாராளுமன்றம் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் பழைய முறை திரும்பிவிடும். நாலு ஜனாதிபதி, அத்தனை பெரும்பான்மை மாறியும் அது நடக்கவில்லை.

கவனித்தாயா, தேர்தலை யாரும் ரத்து செய்யவில்லை. நடத்த வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

அங்கே முன்பு இதைப் பகிரங்கமாகவே செய்தார்கள். 1982 டிசம்பரில் மக்கள் தீர்ப்பு: பாராளுமன்றத் தேர்தல் வேண்டாம், இருப்பவர்களே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டும் என்றால் விளக்குச் சின்னம், கூடாது என்றால் குடம். நூற்றுக்கு ஐம்பத்து நாலு பேருக்கு மேல் விளக்கு. யாழ்ப்பாணத்தில் குடம்தான் அமோகமாக ஜெயித்தது. 1977இல் தேர்ந்தெடுத்த சபை 1988 டிசம்பர் வரை ஓடியது. சிரிக்காதே. நம் மக்களவை 1976 மார்ச்சில் முடிய வேண்டியது, நெருக்கடி நிலையில் இரண்டு தடவை ஒவ்வொரு வருடம் நீட்டிக்கப்பட்டு, தேர்தல் 1977 மார்ச்சில்தான் வந்தது. அவர்களாவது சனங்களைக் கேட்டார்கள்.

அடுத்த சாக்கு பணம். இதில் ஒரு வேடிக்கை: 2023இன் அதே சில மாதங்களில் இலங்கையும் பாகிஸ்தானும் ஒரே பூட்டைப் போட்டன. இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் மார்ச் 9க்குக் குறித்தாகிவிட்டது, வேட்புமனுவும் வாங்கியாகிவிட்டது. திறைசேரியில், அதாவது அரசுக் கருவூலத்தில், காசில்லை என்றார்கள். தபால் வாக்குச்சீட்டு அச்சடிப்பே நின்றது. மனு போட்டிருந்த அரசு ஊழியர்கள் வேலைக்கும் போக முடியாமல், போட்டிக்கும் வழியில்லாமல் நடுவில் தொங்கினார்கள். உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், நிதியமைச்சராக இருந்த ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது.

பாகிஸ்தானில் பஞ்சாப் சட்டசபை 2023 ஜனவரியில் கலைந்தது. அரசியலமைப்பு 90 நாள் என்கிறது. உச்ச நீதிமன்றம் மே 14 என்று தேதியே குறித்துக் கொடுத்தது. 2,100 கோடி ரூபாயைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடு என்றது. நாடாளுமன்றம் மாட்டேன் என்றது. மே 14 வந்தது, போனது. பஞ்சாப் மக்கள் 2024 பிப்ரவரி 8இல் பொதுத் தேர்தலோடு சேர்த்துத்தான் வாக்களித்தார்கள். இலங்கையில் அந்தத் தீர்ப்புக்கு அப்புறமாவது தேர்தல் வந்தது. பாகிஸ்தானில் தேதியோடு உத்தரவு போட்டும் வரவில்லை. பட்டியலில் இரண்டுக்கும் இடையே நீ பார்த்த இடைவெளிக்கு அர்த்தம் இதுதான் என்பேன்.

நேபாளம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ். 1997இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாவோயிஸ்ட் யுத்தத்தின் நடுவில், 2002இல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2017! இருபது வருடம். நடுவில் ஊரை நடத்தியது அரசு அனுப்பிய செயலாளர்கள். கொஞ்ச காலம் எல்லாக் கட்சிக்காரர்களும் கூடி உட்காரும் ஓர் ஏற்பாடு. எல்லாரும் பங்காளி, எதிர்த்துக் கேட்க ஆளில்லை. ஊழல் புகார் குவிந்து அதையும் கலைத்தார்கள். 2015 அரசியலமைப்பு இதைத் தலைகீழாக்கியது. 753 உள்ளாட்சிகள், சட்டம் போடவும் வரி விதிக்கவும் அதிகாரத்தோடு. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு தலைவர், நாலு உறுப்பினர். அந்த நாலில் இருவர் பெண்கள், அதில் ஒருவர் கட்டாயம் தலித் பெண். 2022இல் அடுத்த தேர்தல் ஒரே நாளில் நடந்தது. இந்த செப்டம்பரில் காத்மாண்டுவில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, பிரதமர் போனார், சபை கலைந்தது. சில இடங்களில் வார்டு ஆபீஸ்களும் எரிந்தன. ஆனால் ஊரில் பதவியில் ஆள் இருந்தார். 2002க்குப் பிறகு இப்படி ஒரு கலவரம் வந்திருந்தால் யாரிடம் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

உடனே நீ வங்கதேசத்தை எடுத்துக்கொண்டு வருவாய், தெரியும். வா. 2014 ஜனவரி 5, தேர்தல் குறித்த நாளில் நடந்தது. ஆனால் 300 தொகுதியில் 153இல் போட்டியே இல்லை. என் கேள்விக்கு அவர்கள் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள், அதனால் அது முழுக் கேள்வி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். பூடானும் அப்படித்தான் ஒரு தினுசு: 2008 முதல் நாள் தவறுவதில்லை, ஆனால் முதல் சுற்றில் முதலிரண்டு இடம் வாங்கும் கட்சிகளுக்கு மட்டும்தான் இரண்டாம் சுற்று, வேட்பாளர் பட்டதாரியாக இருக்கவேண்டும். நம் செல்வம் அங்கே நிற்கவே முடியாது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். மக்களவை விஷயத்தில் உன் சிவப்பு மையை ஏற்கிறேன். நெருக்கடி நிலைக்குப் பிறகு ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. அதற்குக் கீழே? ஜம்மு காஷ்மீர் சட்டசபை 2018 நவம்பரில் கலைந்தது. தேர்தல் 2024 செப்டம்பர், அக்டோபரில், அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சிலிருந்து மூன்றரை வருடத்துக்கு மேல் அரசு நியமித்த நிர்வாகி கையில் இருந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் ஊராட்சிக்கு 243-இ பிரிவும் நகராட்சிக்கு 243-யு பிரிவும் பச்சையாகச் சொல்கின்றன. நம் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவேண்டியது, இடஒதுக்கீடும் அறிவிக்கையும் விதிப்படி இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. பிறகு வார்டு மறுவரையறை. அப்புறம் மாவட்டங்களைப் பிரித்தார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டத்துக்குத் தேர்தல். எங்கள் திருநெல்வேலியை வெட்டித் தென்காசி பண்ணியதால் எங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. தேர்ந்தெடுத்த ஆள் இல்லையென்று நிதி ஆணைய மானியமும் நின்றது.

இலங்கை மாகாண சபைக் கதையோடு பொருத்திப் பார். எல்லைக் கோடு, காசு, தேர்தல் வேலைக்கு ஆள். தேர்தல் ஆணையம் எவ்வளவு சுதந்திரமானது என்று பேப்பரில் எழுதினாலும், இந்த மூன்றும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறவரை அது சாவியில்லாத வாட்ச்மேன்தான். மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலை நடத்தும். வார்டு வரையறையும் சுழற்சி ஒதுக்கீடும் முடியாமல் எதை நடத்தும்? வார்டு வரையறை முடியவில்லை என்பது காரணமே அல்ல, இருக்கிற வார்டை வைத்து நடத்து என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மத்தியப் பிரதேச வழக்கில் சொன்னது. அதைப் படிக்கவேண்டியவர்கள் படித்த மாதிரி தெரியவில்லை.

இனி உன் ஊர். நீ இருக்கும் மதுரை மாவட்டம் அந்த 2019 வரிசை. பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அந்த வரிசை மாவட்டங்களில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் அன்றிலிருந்து தனி அலுவலர் கையில். உன் ஊராட்சிக்குத் தனி அலுவலர் யார் தெரியுமா? பி.டி.ஓ., வட்டார வளர்ச்சி அலுவலர். அவரே பக்கத்து ஊருக்கும், அதற்கடுத்த ஊருக்கும். முன்பு செக்கில் தலைவர் ஒரு கையெழுத்து, துணைத் தலைவர் ஒரு கையெழுத்து. இருவரும் சண்டை போட்டால் காசு நகராது, அந்தச் சண்டையாவது ஊருக்குத் தெரியும். இப்போது குடிநீர் மோட்டார் எரிந்தால் நீ யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவாய்? நீ அனுப்பிய பட்டியலில் இதற்கு ஒரு வரிசையும் இல்லை.

நவம்பர் 1 கிராம சபைக்குப் போனாயா? போயிருந்தால் யார் தலைமை வகித்தார், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று எழுது. போகவில்லையென்றால் ஜனவரி 26க்கு நான் அங்கே வருகிறேன், சேர்ந்து போவோம். பொங்கல் முடிந்து ஒரு கார்டு போடு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முருகேசன்

பி.கு.: சிவப்புப் பேனாவை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அது உன்னுடையது இல்லை என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.