பழி மட்டும் பெண்கள் தலையிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வந்த மக்கள்தொகைச் சிறப்புக் கட்டுரையில், ‘படித்த பெண்கள் மனம் வைத்தாலே பிறப்பு விகிதம் ஏறிவிடும்’ என்று ஒரு வரி. நெடுநாள் வாசகியான எனக்கு, அதை உங்கள் பத்திரிகையில் படிக்க நேர்ந்ததே வேதனை.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். சுவரெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். மார்ச் பிறந்தால் ‘கருத்தடை ஆபரேஷனுக்கு எத்தனை கேஸ்?’ என்பதுதான் மேலிடத்தின் ஒரே கேள்வி. ஆளுக்கு இத்தனை கேஸ் என்ற அந்த இலக்கு முறையை 1996இல் கைவிடும்வரை எங்களுக்குத் தூக்கமில்லை. முகாம் பள்ளிக்கூடத்தில் நடக்கும். ஆபரேஷன் முடிந்தவர்களை வகுப்பறைத் தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்கவைப்போம். மயக்கம் முழுசாகத் தெளியுமுன்பே கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பார்கள். கணவன்மார் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். “எனக்குக் கத்தி வைத்தால் மூட்டை தூக்க முடியாதே சிஸ்டர்!” இன்றும் அதே கதைதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாடு முழுவதும் 15–49 வயது மணமான பெண்களில், கருத்தடைக்குத் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3.

நிறுத்தச் சொன்னபோது உடம்பைக் கொடுத்தவளிடம்தான் இப்போது ‘பெற்றுக்கொள்’ என்கிறார்கள். 2024இல் சந்திரபாபு நாயுடு மேடையிலேயே சொன்னார். ஆனால், மூன்றாவது பிள்ளைக்குப் பேறுகால விடுப்பு கேட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போய், 2025இல்தான் நியாயம் பெற்றார். என் மகளுக்கு அந்த நியாயமும் கிடைக்கவில்லை. தனியார் வேலை, பிரசவம் முடிந்து திரும்பியபோது அவள் இடத்தில் வேறு ஆள். ‘இன்னொன்று வேண்டாம்மா’ என்றாள். நான் என்ன பதில் சொல்ல?

சீனா 2021இல் மூன்று பிள்ளை பெறலாம் என்றது. அடுத்த ஆண்டே அங்கே மக்கள்தொகை சரிந்தது. பிறப்பைக் கூட்டக் கோடி கோடியாகக் கொட்டிய தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைதான். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

‘முதுமையில் யார் பார்ப்பார்கள்?’ என்றும் கட்டுரை பயமுறுத்துகிறது. முதியோர் உதவித்தொகையில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 2007 முதல் அதே 200 ரூபாய். மாநில அரசு மேலே போட்டுத்தான் 2023இல் 1,200 ஆனது. வாடகைக்கா, மாத்திரைக்கா? பிள்ளை பெற்றவர்களும்தான் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

தயவுசெய்து உங்கள் நிருபரை வேடசந்தூர் பக்கம் ஒரு மில் வாசலுக்கு அனுப்புங்கள். தாய் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை அங்கன்வாடி திறந்திருந்தால் இரண்டாவது பிள்ளை பெறுவார்களா என்று அந்தப் பெண்களிடமே கேட்கட்டும். பதிலை அதே ஞாயிறு பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்