வந்ததும் வராததுமாக

ஏற்காடு,
தை 9

அன்பு நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பேரனிடமே உட்கார்ந்து ஜெர்மன் பாடம் கேட்கிறாய் என்று படித்ததும் இங்கே இருவருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. காப்பிப் பழம் பறித்து முடியும் நேரம் இது. களத்தில் கொட்டை காய்கிறது, மிளகு பறிப்பும் தொடங்கிவிட்டது. என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்து மருத்துவரைப் பார்ப்பதை மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டேன்.

மாலை வகுப்பைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும். உன் கடிதத்தின் ஒரு வரி அங்கே எனக்குச் செய்த உதவியை நீ அறிய மாட்டாய்.

பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருகிறாள். அப்பா மிளகு பறிப்பவர். அவள் நோட்டில் ‘நெவர் ஐ ஸா சச் மிஸ்ட்’ என்று எழுதியிருந்தாள். ‘நெவர் டிட் ஐ ஸீ’ என்று சிவப்பு மையால் திருத்தினேன். நெவர், ஸெல்டம், ரேர்லி, ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி போன்ற மறுப்புச் சாயல் உள்ள சொற்கள் வாக்கியத்தின் முன்னால் வந்தால், ஹேஸ், வில் போன்ற துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிடும். துணைவினையே இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் வந்து அந்த இடத்தில் நிற்கும். காலத்தை அது வாங்கிக்கொள்வதால் ‘ஸா’ மறுபடி ‘ஸீ’ ஆகும். விடுதி மொட்டைமாடியில் நடந்துகொண்டே நாம் உருப்போட்ட அதே பாடம்தான். அவளோ நோட்டை வாங்காமல் நின்றாள். “எஸ்டர்டே முன்னால் வந்தால் ஒன்றும் மாறவில்லையே சார், நெவர் வந்தால் மட்டும் ஏன் மாற வேண்டும்?”

34 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன், ‘விதி அப்படி’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் சரியாக இல்லை.

பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ‘இன்று’ என்று தொடங்கினால் ‘வருகிறேன் நான்’ என்றுதான் வர வேண்டும், ‘ஹொய்டெ கோமெ இஷ்’ என்று பேரன் உன்னைத் திருத்தியதாக எழுதியிருந்தாயே, விடை அதில் இருந்தது. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் வேறொரு சொல் வாக்கியத்தைத் தொடங்கினால், பல இடங்களில் வினை இரண்டாவதாக வந்து எழுவாய் பின்னால் போகும். காலப்போக்கில் ஆங்கிலம் அதை விட்டுவிட்டு எழுவாயை வினைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டது. கேள்விகளிலும், எதிர்மறை தொடங்கி வைக்கும் இடங்களிலும், இன்னும் சில மூலைகளிலும் பழைய வரிசை தங்கிவிட்டது. எஸ்டர்டேயை விட்டுப் போனது நெவரை விட்டுப் போகவில்லை.

மறுநாள் இதைச் சொன்னதும் அவள் அடுத்ததைக் கேட்டாள். “‘இன் நோ டைம் வீ ரீச்ட் சேலம்’ என்கிறோம். அதிலும் நோ இருக்கிறதே?” எனக்கு உடம்பு சிலிர்த்தது. தமிழில் சொல்லிப் பார் என்றேன். ‘கண் மூடித் திறப்பதற்குள் சேலம் போய்ச் சேர்ந்தோம்.’ சரி, ‘அட் நோ டைம் வாஸ் தி கேட் லாக்ட்’? ‘கேட் ஒருபோதும் பூட்டப்படவில்லை.’ சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. இரண்டிலும் அதே நோ, அதே டைம். ஆனால் முதலாவதில் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டாவதில்தான் மறுப்பு வினையைத் தொடுகிறது, அதனால்தான் அங்கே ‘வாஸ்’ முன்னால் வருகிறது. தமிழ் மறுப்பை வினையின் வாலிலேயே கட்டிவைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் கையில் இப்படி ஓர் உரைகல் இருக்க, வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று அதைப் பிடுங்கிக்கொண்டோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

எல்லா இடத்திலும் உரைகல் உதவாது. ‘ஸெல்டம் டஸ் இட் ரெயின்’ என்றால் ‘அபூர்வமாகத்தான் மழை பெய்யும்’; அங்கே ‘இல்லை’ வராது, மனப்பாடம்தான் வழி. ‘நோபடி கேம்’ என்பதில் மறுப்புச் சொல்லே எழுவாய், ஆகவே தாண்டி வர ஒன்றும் இல்லை.

கடைசியாக ‘நோ ஸூனர் ஹேட் ஹீ கம்’ என்று கரும்பலகையில் எழுதி, அடுத்து வர வேண்டிய ‘தேன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போடுவதற்குள் பின்னாலிருந்து அவள் குரல்: “வந்ததும் வராததுமாக!” சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போம், அதற்குள் ஒரு ‘வராதது’ ஒளிந்திருப்பதை நான் கண்டதே இல்லை. ஒன்று நடந்த கையோடு இன்னொன்று நடந்ததைச் சொல்ல ஆங்கிலமும் மறுப்பைக் கூப்பிடுகிறது, தமிழும் கூப்பிடுகிறது. உறவே இல்லாத இரண்டு மொழிகள்!

வீட்டுப்பாடமாக ஒரு சொந்த வாக்கியம் கேட்டிருந்தேன். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறித்தான் இங்கே மிளகு பறிப்பார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அவள் எழுதி வந்தது: ‘நாட் வன்ஸ் ஹேஸ் மை ஃபாதர் ஃபாலன் ஃப்ரம் தி லேடர்.’ சிவப்பு மைக்கு அதில் வேலை இல்லை.

உன் பேரனிடம் ஒன்று கேட்டு எழுது. ‘வந்ததும் வராததுமாக’ என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வார்கள், அதற்குள்ளும் மறுப்பு இருக்கிறதா? அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். புது மிளகு காய்ந்ததும் அரைக் கிலோ அனுப்புகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்